சீருடை தைக்கக் கொடுத்தாயிற்று. மருந்து நேரம் மாற்றியாயிற்றா?

வைகாசி பிறந்து ஒரு வாரம் கடந்துவிட்டால் எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவின் தோற்றமே மாறிவிடுகிறது. ஆண்டுத் தேர்வைக் காரணம் காட்டி ஏப்ரலில் வராதிருந்தவர்களும், மே மாதத் தொடக்கத்தில் ஊருக்குப் போய்விட்டவர்களும் ஒரே வாரத்தில் வந்து சேருகிறார்கள். ஒரு கையில் மருத்துவக் கோப்பு. மறு கையில் துணிக்கடைப் பை. தங்கள் எண் வரும்வரை ஒருவர் தையற்காரரிடம் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருப்பார். மற்றொருவர் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தை எந்தச் சம்பளத்தில் கட்டுவது என்று கணவரிடம் தணிந்த குரலில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சென்ற ஆண்டு இதே நாட்களில், எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த சிறுவன் ஒருவன் எங்கள் நடைக்கூடத்துப் பெஞ்சில் அமர்ந்து, தனக்கும் தன் தங்கைக்குமாக வாங்கிய நோட்டுப் புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருந்தான். தங்கைக்கு உள்ளே இரத்தப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. ஒட்டுவதற்கு நாடா தீர்ந்துபோகவே, எங்கள் செவிலியர் கட்டுப் போடும் வண்டியிலிருந்து பிளாஸ்திரி கிழித்துக் கொடுத்தார். அந்த வெள்ளைப் பிளாஸ்திரியோடுதான் அவனுடைய சமூக அறிவியல் நோட்டு பள்ளிக்குச் சென்றது. விடுமுறையில் எங்கே போனாய் என்று செவிலியர் கேட்டதற்கு, "இங்கேதான்" என்றான்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நாட்பட்ட நோயுள்ள ஒரு பிள்ளையைக் கொண்ட குடும்பத்திற்குக் கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்கள் எவ்வாறு கழிய வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்துப் பிழையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பிழையைச் சொல்லிவிடுகிறோம். "பரீட்சை முடியட்டும், லீவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெற்றோர் சொல்லும்போது மருத்துவர்களாகிய நாங்களும் உடனே தலையசைத்து விடுகிறோம். இவ்வாறு தள்ளிவைத்த அத்தனையும் மே மாதக் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன: மறுபரிசோதனை, கண் பரிசோதனை, பல் சிகிச்சை, டான்சில் அறுவை. டான்சில் அகற்றிய குழந்தைக்குத் தொண்டைப் புண் ஆறப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களுக்குள் மீண்டும் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பும் உண்டு. அப்படியிருக்க, மே 25ஆம் நாள் அறுவை செய்து, ஜூன் 2ஆம் நாள் அக்குழந்தையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றச் சொல்வது எவ்வகை நியாயம்? பள்ளி திறக்கும் நாளும் நம் கையில் இல்லை. 2023இல் வெயிலின் கடுமையால் ஆறாம் வகுப்பு முதலானோர்க்கு ஜூன் 12, தொடக்க வகுப்பினர்க்கு ஜூன் 14 என்று தள்ளிப்போயிற்று. 2024இல் ஜூன் 10. 2025இல் ஜூன் 2ஆம் நாளே திறந்துவிட்டார்கள். எப்படியும் தள்ளிவைப்பார்கள் என்று எண்ணி நாள் குறித்தவர்கள் 2025இல் திண்டாடிப் போனார்கள். அவசரமில்லாத அறுவைகளை மே மாதம் பாதிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இயலாதெனில் காலாண்டு விடுமுறைக்கு மாற்ற வேண்டும். இதை எங்கள் அறுவை அரங்கத்தாரிடமும் நாங்கள் வற்புறுத்தி வருகிறோம்.

இனி வீட்டுக்கு வருவோம்.

பள்ளி திறப்புக்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. சீருடை, காலணி, புத்தகப்பை, தண்ணீர்ப் புட்டி, சாப்பாட்டுப் பெட்டி, கட்டணம், சான்றிதழ்கள், இடையில் இரண்டு வைகாசி முகூர்த்தங்கள், குலதெய்வக் கோயிலில் ஒரு பொங்கல். இவை எல்லாவற்றையும் முடித்த பிறகு கடைசி ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குத்தான் பிள்ளையின் மருந்து நினைவுக்கு வருகிறது. மேலே சொன்னவற்றில் பாதி, பள்ளி திறந்து பத்து நாள் கழித்து நடந்தாலும் குடி முழுகிப் போவதில்லை. அட்டை போடாத நோட்டைக் கொண்டுபோனால் ஆசிரியர் ஒரு வார்த்தை கடிந்துகொள்வார், அவ்வளவுதான். உறக்கமும் மருந்து நேரமும் அப்படியல்ல. அவை ஓரிரவில் மாறா.

உறக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரம். விடுமுறையில் பிள்ளைகள் நள்ளிரவு தாண்டிப் படுத்து, காலை பத்து மணிக்கு எழுகிறார்கள். உறக்கத்தின் மொத்த அளவு குறைவதில்லை. உறங்கும் வேளைதான் நகர்ந்துவிடுகிறது. பள்ளி திறக்கும் அன்று மட்டும் ஐந்தரை மணிக்கு எழுப்பினால் அப்பிள்ளை நான்கு மணி நேர உறக்கத்தோடு வகுப்பில் போய் அமர்கிறது. மற்றக் குழந்தைகள் கொட்டாவி விடுவார்கள். வலிப்பு நோயுள்ள குழந்தைக்கோ, உறக்கக் குறைவு என்பது வலிப்பைத் தூண்டும் காரணங்களுள் முதன்மையான ஒன்று. விடுமுறையில் நேரம் தவறி விட்டுப்போன மாத்திரைகளும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் வலிப்பே வராதிருந்த பிள்ளை, பள்ளி திறந்த முதல் வாரத்தில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விழுந்ததாக எங்களிடம் அழைத்து வரப்படுவதை ஆண்டுதோறும் காண்கிறோம்.

ஆகவே உறங்கும் வேளையை ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் என்ற அளவில் முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு வாரத்தில் மூன்றரை மணி நேரம் சரியாகிவிடும். படுக்கும் வேளையைவிட எழும் வேளையைப் பிடிப்பது எளிது என்பது எங்கள் அனுபவம். காலையில் எழுப்பி வெளிச்சத்தில் சிறிது நேரம் நடமாட விட்டால், இரவு உறக்கம் தானே வந்து சேரும்.

இதற்காகத் திருவிழாவையே வேண்டாம் என்று சொல்லுகிறீர்களா என ஒரு தந்தையார் எங்களைக் கேட்டார். அவர் திருவண்ணாமலைப் பக்கத்தவர். அவர்கள் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து இரவெல்லாம் நடக்கும்; பின்னர்த் தீமிதி. வலிப்பு நோயுள்ள மகனை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு நாங்கள் மட்டும் எப்படிப் போவது என்பது அவருடைய கேள்வி. வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிற்பகலில் அவனை இரண்டு மணி நேரம் உறங்க வையுங்கள்; இரவு மாத்திரையைக் கையோடு எடுத்துச் சென்று உரிய வேளையில் கொடுத்துவிடுங்கள்; கட்டியக்காரன் வந்து சிரிக்க வைக்கும் பகுதிவரை பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள் என்றோம். நோயைக் காட்டி எல்லாவற்றையும் மறுக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, சற்று வளர்ந்ததும் மருந்தையே மறுக்கத் தொடங்குகிறது. இதையும் நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் பெற்றோர்க்குச் சுருக்கமாக ஒன்று. கோடையில் இழுப்பு இல்லை என்பதற்காக, தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். பள்ளி திறந்ததும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சளி பரவும். தென்மேற்குப் பருவக்காற்றும் அப்போதுதான் தொடங்கும். குழந்தை நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த மருந்தாக இருக்கக்கூடும். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போட வேண்டிய டிபிடி ஊக்கத் தவணையும், பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டிடி தடுப்பூசியும் விடுபட்டிருந்தால் இப்போதே போட்டுக்கொள்ளலாம். ஸ்டீராய்டு உட்கொள்ளும் குழந்தைகளும் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தைகளும் மட்டும் எந்த ஊசியாயினும் எங்களைக் கேட்ட பின்பே போட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுள் எவரேனும் அம்மை கண்ட வீட்டுக்குப் போய்வந்திருந்தால், கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் அன்றே எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

நாங்கள் விரிவாகப் பேச விரும்புவது முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளைப் பற்றி. விடுமுறையின் கடைசி வாரங்கள் மிகுந்த கவனத்தைக் கோருவது அவர்களிடத்தில்தான்.

விடுமுறையில் அவர்களின் காலையுணவு பத்து மணிக்கு, அதற்கேற்பவே இன்சுலினும். பள்ளி திறந்தால் இரண்டும் ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும். இந்த மூன்று மணி நேர மாற்றத்தை ஒரே நாளில் செய்தால், முந்தைய ஊசியின் வேகம் தணியுமுன் அடுத்தது சேர்ந்து சர்க்கரை இறங்கிவிடக்கூடும். ஆகவே நாள்தோறும் சிறிது சிறிதாக, உங்கள் மருத்துவர் எழுதித்தரும் முறையில் நகர்த்த வேண்டும். இரண்டு மாதத்தில் பிள்ளை எடை கூடியிருக்கும். அளவையும் திருத்த வேண்டியிருக்கலாம். வீட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளை இனி மாடிப்படி ஏறும், மைதானத்தில் ஓடும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அரசு தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை இப்போது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. இது 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளை பள்ளியில் உண்பதாக இருந்தால், ஊசியை வீட்டில் போட்டுவிட்டு உணவுக்கு அரைமணி நேரம் நடக்கவோ வரிசையில் நிற்கவோ விடலாகாது. வீட்டில் உண்பதா, பள்ளியில் உண்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

இன்சுலின் குப்பிக்கும் கோடை ஒத்துக்கொள்வதில்லை. ஊருக்குப் போகும்போது பேருந்துச் சன்னலோரப் பையிலும், வெயிலில் நிறுத்திய காரிலும் கிடந்த குப்பி, பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும் வீரியம் இழந்திருக்கலாம். பள்ளி திறந்த வாரத்தில் காரணம் புரியாமல் சர்க்கரை ஏறினால், முதலில் ஐயப்பட வேண்டியது அந்தக் குப்பியைத்தான். பிள்ளையின் நாக்கை ஐயப்பட்டு, திருட்டுத்தனமாக மாம்பழம் தின்றாயா என்று மிரட்டுவதற்கு முன் புதுக் குப்பி ஒன்றைத் திறந்து பாருங்கள். திறவாத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்த குப்பியின் ஆயுள் ஏறக்குறைய நான்கு வாரம். குளிர்பதனப் பெட்டி இல்லாத பாட்டி வீட்டில், மணல் பரப்பி நீர் தெளித்த மண்பானைக்குள் இன்னொரு சிறு பானையை வைத்து அதில் குப்பியைப் பாதுகாக்கலாம். உறைபெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் பின்னர் உருகினாலும் பயன்படாது.

இவை எல்லாவற்றையும் செம்மையாகச் செய்த ஒரு தாயாரை நாங்கள் அறிவோம். அவர் மகள் ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளியில் சேர்ந்தாள். ஊசி நேரத்தை மாற்றினார்; அளவைத் திருத்திக்கொண்டார்; உணவுப் பெட்டியில் இடைவேளைக்குச் சுண்டல் வைத்தார். ஒன்றை மட்டும் செய்யவில்லை: பள்ளியில் எவரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம், உடற்கல்வி வகுப்பில் அவளுக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. வெயிலில் மயக்கம் என்று கருதி நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை கலந்த தண்ணீராக இருந்திருந்தால் சில நிமிடங்களில் எழுந்திருப்பாள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது நினைவு இல்லை. நல்லவேளையாக முழுமையாகத் தேறிவிட்டாள்.

ஏனம்மா சொல்லவில்லை என்று அன்று எங்களுள் ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டார். இன்றுவரை அதற்காக வருந்துகிறோம். அந்தத் தாயார் அழவில்லை. முந்தைய பள்ளியில் சொன்னதாகவும், பொறுப்பேற்க முடியாது, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று விடை வந்ததாகவும் சொன்னார். பிறகு, "பொம்பளைப் புள்ளைங்க, நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக்குடுக்கணும்" என்றார். மறைப்பது அறியாமை என்று அதுவரை நாங்கள் எண்ணியிருந்தோம். அது பட்டறிவு.

ஆயினும் எங்கள் கருத்து மாறவில்லை: பள்ளியில் சொல்லத்தான் வேண்டும். மாறியது, எவ்வாறு சொல்வது என்பது பற்றிய எங்கள் எண்ணம். ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், தலைமையாசிரியர் ஆகிய மூவர் போதும். நான்காவதாக, பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு தோழி. வயது வந்தவர்களைவிட அடுத்த இருக்கைத் தோழியே முதலில் கவனிக்கிறாள். பள்ளி திறந்த முதல் நாளின் கூட்டத்தில், நூறு பெற்றோருக்கு நடுவே வாயிலில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். திறப்பதற்கு முந்தைய வாரம் பள்ளி அலுவலகம் சேர்க்கைக்காகத் திறந்தே இருக்கும். ஆசிரியர்கள் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். அப்போது சென்று அமர்ந்து பேசுங்கள். வெறுங்கையோடு போகாமல், எங்கள் கடிதத்தோடு செல்லுங்கள்.

அக்கடிதத்தில் நோயின் வரலாற்றை நாங்கள் எழுதுவதில்லை. சர்க்கரை இறங்கினால் எவ்வாறு தெரியும், உடனே வயதுக்கேற்ப இரண்டு மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கலந்து கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும், நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் — இவ்வளவே. பொறுப்பேற்க முடியாது என்று பள்ளி சொல்வதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது, என்ன செய்வதென்று தெரியாத அச்சம். ஒரு பக்கத் தாள் அதைப் பெருமளவு போக்கிவிடுகிறது. அதற்கு மேலும் தயங்கினால், குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் 2023இல் மாநிலங்களின் கல்வித் துறையினர்க்கு எழுதியதைக் குறிப்பிடலாம். முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகள் வகுப்பிலேயே சர்க்கரை அளவைச் சோதிக்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சிற்றுணவு உண்ணவும் அனுமதிக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டிருக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தேர்வுக் கூடத்திற்கே இனிப்பு மாத்திரையும் பழமும் கொண்டுசெல்ல 2017இல் அனுமதித்துவிட்டது. ஆனால் சட்டம் பேசும் குரலில் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். பிள்ளை நாள் முழுவதும் இருக்கப்போவது அந்த ஆசிரியரிடம்தான்.

இனி அந்தப் பழுப்பு அட்டைச் சிறுவனிடம் திரும்புவோம். வீட்டில் ஒரு பிள்ளை நோயுற்றால் மற்றப் பிள்ளை பெரியவனாகிவிடுகிறான். அவனுடைய விடுமுறை தாத்தா வீட்டிலோ எங்கள் நடைக்கூடத்திலோ கழிகிறது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் சொல்லத் தயங்குகிறான். புதுக் காலணி கேட்கத் தயங்குகிறான். நல்ல பையன், தொந்தரவே இல்லை என்று பெற்றோர் எங்களிடம் பெருமையாகச் சொல்லும்போது எங்களுக்குச் சற்றுக் கலக்கமாக இருக்கிறது. இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாளை அவனுக்கென ஒதுக்க இயலுமா? கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தந்தையார் அவனை மட்டும் தனியே அழைத்துக்கொண்டு காலணிக் கடைக்குப் போய், வரும் வழியில் ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தாலும் போதும். அந்த அரை நாள் கோப்பைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேச வேண்டாம்.

தாய்மார்கள் இதைப் படித்துவிட்டு, இருக்கும் பட்டியலோடு இவர்கள் இன்னும் நான்கு வேலைகளைச் சேர்த்துவிட்டார்களே என்று சலித்துக்கொள்ளக்கூடும். நியாயந்தான். அதனால்தான் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதையும் சொல்கிறோம். இரண்டாவது முகூர்த்தத்திற்கு மொய் மட்டும் அனுப்பலாம். மூன்று செட் சீருடையில் ஒன்று ஜூலையில் தைத்துக்கொள்ளலாம். அட்டையைப் பிள்ளைகளே கோணலாகப் போட்டுக்கொள்ளட்டும். மறுபரிசோதனைக்கு நீங்களே விடுப்பெடுத்து வர வேண்டும் என்பதில்லை. கோப்போடு தந்தையோ சித்தப்பாவோ அழைத்து வரலாம். அவருக்கு மருந்து முறையை விளக்கிச் சொல்வது எங்கள் வேலை. வீட்டில் ஒருவர் மட்டுமே ஊசி போடத் தெரிந்தவராக இருப்பது அக்குடும்பத்திற்கு நல்லதன்று. அதை மாற்றுவதற்கும் இந்த விடுமுறையே ஏற்ற காலம்.

பள்ளிக்கான கடிதம் வேண்டுவோர், குழந்தைகள் நலப் பிரிவின் செவிலியர் மேசையில் கேட்டுப் பெறலாம். அண்மைய மருந்துச் சீட்டும் பள்ளியின் பெயரும் இருந்தால் போதும்; பிள்ளையை வெயிலில் அழைத்து வர வேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்குப் பிறகு வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும். பிளாஸ்திரியும் கிடைக்கும்.